‘பேர் வேண்டாம், படம் மட்டும்’: சேன்-தெனியில் ஒரு கையெழுத்து வரிசை கெட்டுப்போன விதம்

ஒரு சனிக்கிழமை காலை. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் தலைநகர் சேன்-தெனியில் ஒரு புத்தகக் கடை. பிரான்சிலிருந்து வந்திருந்த சித்திரக்கதை ஓவியர் ஒருவர் என் மச்சானுக்குப் படம் போட மறுத்துப் பேனாவை மூடிவிட்டார். மூன்றரை மணி நேரம் நின்றவனுக்குக் கிடைத்தது ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஓவியரின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். ஏன் அப்படி நடந்தது என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல மாதம் வழக்கு நடந்தது. நாங்கள் கண்டுபிடித்த முதல் மூன்று காரணங்களும் தப்பு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம். ஊர் காரைக்கால். நான் இங்கே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், மச்சான் கட்டடங்களுக்கு மின்வேலை. இந்தத் தீவில் ‘மலபார்’ என்று அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வாரிசுகள். கோயில், தீமிதி, காவடி, பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, பேச்சுத் தமிழ் மட்டும் அநேகமாகப் போய்விட்டது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் எங்களைப் போலப் பிற்பாடு வந்த சில குடும்பங்கள்தான். அதிலும் சித்திரக்கதைப் பைத்தியம் என்றால் எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர்.

பைத்தியம் பிடித்த இடம் காரைக்காலில் ஒரு வாடகை சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் கயிறு கட்டி, சலவைக் கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார். 1972ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984ல் வந்த லயன் காமிக்ஸ். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தால் ஒரு விலை, வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு விலை. இரும்புக்கை மாயாவியை நாங்கள் கரைத்துக் குடித்திருந்தோம். ஆனால் அந்தக் கையை வரைந்த கை யாருடையது என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. மூலத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் வார இதழ்களே அந்தக் காலத்தில் ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கௌபாய் கதைகளில் வரும் கேப்டன் டைகரை வரைந்த ஜான் ஜிரோதான் மோபியஸ் என்ற பெயரில் வேறொரு உலகமே வரைந்தவர் என்பதும் அப்படித்தான். எங்களுக்குக் கதாநாயகன் உண்டு, வில்லன் உண்டு, குதிரை உண்டு. வரைந்தவர் என்று ஒரு மனிதர் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவர்கள் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தால் என்ன ஆகும்? இங்கே சித்திரக்கதைக்குப் ‘பெ-தே’ என்று பெயர். ஓவியர் கடைக்கே வருகிறார், மேசை போட்டு உட்காருகிறார், நாம் வாங்கிய ஆல்பத்தின் (சித்திரக்கதைப் புத்தகத்துக்கு இங்கே அதுதான் பெயர்) முதல் வெற்றுப் பக்கத்தில் நமக்காக ஒரு படம் போட்டு, கீழே நம் பெயரையும் எழுதிக் கொடுக்கிறார். இதற்குத் ‘தெதிகாஸ்’ என்பார்கள். படத்துக்குத் தனியாகக் காசு கிடையாது. அமெரிக்க மாநாடுகளில் பல ஓவியர்கள் கையெழுத்துக்கு ஒரு விலை, படத்துக்கு ஒரு விலை என்று பலகை வைத்திருப்பார்கள். இங்கே பலகை இல்லை. பலகை இல்லாத இடத்தில்தான் நாங்கள் வழுக்கினோம்.

அன்று நடந்தது

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். ஒன்பதுக்குக் கடை திறந்ததும் பதினைந்து டோக்கன் கொடுத்தார்கள். ஒரு டோக்கனுக்கு ஓர் ஆல்பம், அதுவும் அந்தக் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்கு 11, மச்சானுக்கு 12. வாசலில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தார். அனுபவஸ்தர்.

பத்து மணிக்கு ஓவியர் உட்கார்ந்தார். அறுபதை ஒட்டிய வயது, வலது மணிக்கட்டில் பட்டை. ஆளுக்கு எட்டு நிமிடம் என்று கணக்கு. நான் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன், தொழில்புத்தி. ஒன்பதாம் எண்காரர் ஓவியருடைய கடைசி ஆல்பம் ஏன் சரியில்லை என்று எட்டு நிமிடமும் விளக்கினார். ஓவியர் தலையாட்டியபடி வரைந்தார். அதைப் பார்த்து இந்த மனிதர் பொறுமைசாலி என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. “செ பூர் கி?” யாருக்கு என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னார், கூட்டினேன், முகம் சுளிக்காமல் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வரைய ஆரம்பித்தார். பென்சிலே இல்லை, நேராக மைப்பேனா. முதலில் தொப்பியின் விளிம்பு, ஒரே கோடு. அதிலிருந்து மூக்கு, தாடை. கண்ணைக் கடைசியில் வைத்தார். கண் விழுந்ததும் அது ஆளாகிவிட்டது. சாமி சிலைக்குக் கண் திறப்பது மாதிரி என்று அவரிடம் சொல்ல ஆசை, என் பிரெஞ்சு அவ்வளவு தூரம் போகாது.

அடுத்து மச்சான். நடந்ததை நான் பக்கத்திலிருந்து கேட்டேன், அதனால் வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

“யாருக்கு?”

“பேர் வேண்டாம். படம் மட்டும் போதும்.”

ஓவியர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த மஞ்சப்பையைப் பார்த்தார். பை புடைத்திருந்தது.

“அதில் இன்னும் எத்தனை இருக்கிறது?”

“மூணு.”

ஆல்பத்தைத் திறந்தார், மூலையில் ஒரு கையெழுத்து, மூடித் தள்ளிவிட்டார். “பெயர் இல்லாமல் நான் வரைவதில்லை.” மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீ எனக்கு ஒரு படம் தரணும், மூன்றரை மணி நேரம் நின்றிருக்கேன்” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். பிரெஞ்சில் ‘தியு’, அதாவது ‘நீ’. ஓவியர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். கடைக்காரப் பெண் வந்து 13ஐ அழைத்தார். 13 உட்கார்ந்ததும் பேனா மறுபடி திறந்தது. எங்களை மிகவும் புண்படுத்தியது அதுதான்.

மூன்று தப்பான விடைகள்

முதல் விடை என்னுடையது: மனிதர் களைத்துவிட்டார், மணிக்கட்டு வலி. ஆனால் 13க்கும் 14க்கும் 15க்கும் முழுப் படம் கிடைத்தது. நானே நின்று பார்த்தேன், ஆகவே இது நிற்காது.

இரண்டாவது மச்சானுடையது: “நம்ம மூஞ்சியைப் பார்த்துத்தான் அத்தான்.” அப்படி நடக்காத ஊர் இது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எட்டு நிமிடத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து படம் வாங்கியவன் நான். அவனைவிட நான் இரண்டு சுற்றுக் கறுப்பு.

மூன்றாவதை என் மனைவி சொன்னாள், ரொம்ப நாள் அதையே நம்பினோம். அறுபது வயதுக்காரரைப் பார்த்து ‘நீ’ என்றால் கோபம் வராதா? மச்சான் பிரெஞ்சு கற்றது கட்டட வேலையில், அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். கேட்க நியாயமாக இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, பெ-தே வட்டாரத்தில் ஓவியரும் வாசகரும் ‘நீ’ போட்டுப் பேசுவது சர்வ சாதாரணம். அது போகட்டும், அவன் ‘நீ’ என்றதே ஓவியர் மறுத்த பிறகுதானே? காரணம் விளைவுக்குப் பின்னால் வர முடியாது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான விடை சில மாதம் கழித்து, கடையிலிருந்த அந்தப் பெண்ணிடமிருந்தே வந்தது. வேறு எதற்கோ போயிருந்தபோது நான் விஷயத்தைக் கிளறினேன். சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை, தீவின் தெற்கே இன்னொரு ஊரில் ஓவியருக்கு ஒரு தெதிகாஸ். அன்று வரைந்த படங்களில் ஒன்று வெள்ளி இரவே இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. பெயர் எழுதாத படம். ஆல்பத்தின் விலையைப்போல ஆறு மடங்கு கேட்டிருந்தார்கள். அதைச் சனி காலை யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது மறுபடி அந்தக் காட்சியைப் பாருங்கள். ஒருவன் வருகிறான். பேர் வேண்டாம் என்கிறான். கையில் புடைத்த பை, உள்ளே இன்னும் மூன்று என்கிறான். ஓவியருக்கு இவன் வாசகனாகத் தெரியவில்லை, வியாபாரியாகத் தெரிந்தான். பிரான்சில் இவர்களுக்குத் ‘தெதிகாஸ் வேட்டைக்காரர்கள்’ என்றே பெயர் உண்டு. பெயர் எழுதிய படம் விலை போகாது, போனாலும் குறைவாகப் போகும். அதனால் வேட்டைக்காரர் முதலில் கேட்பதே ‘பேர் வேண்டாம்’. மச்சான் தெரியாமல் அவர்களுடைய கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான்? படம் அவனுக்கு இல்லை. காரைக்கால் சைக்கிள் கடை அண்ணனுக்குக் கொடுத்தனுப்ப நினைத்திருந்தான். அண்ணன் பெயரைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, தன் பெயரைப் போட்டால் பிறத்தியாருக்குக் கொடுக்க முடியாது. சரி, பேரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான். பையில் இருந்த மூன்றும் அதே ஓவியரின் தொடர், தமிழில். விற்க வைத்திருந்தது இல்லை. “உங்க புத்தகத்தை நாங்க இப்படித்தான் படிச்சோம்” என்று அவரிடம் காட்டத்தான் கொண்டுபோனான். வெளிநாட்டு உரிமைகளைப் பதிப்பகம் விற்கும். எந்த மொழியில் எப்படி வந்தது என்பதைப் பல ஓவியர்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பை மட்டும் திறந்திருந்தால் அன்றைய காலை வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆல்பம் 16 யூரோ. எழுத்தாளர், ஓவியர், சில சமயம் வண்ணம் தீட்டுபவர் எல்லோருக்குமாகச் சேர்த்து உரிமைத்தொகை வழக்கமாக 8 முதல் 10 சதவீதம். அதைப் பங்கு போட்டால் ஓவியருக்கு ஓர் ஆல்பத்துக்கு ஒரு யூரோகூடத் தேறாது, அதுவும் வாங்கிய முன்பணம் கழிந்த பிறகுதான். பதினைந்து பேருக்கு இரண்டு மணி நேரம் வரைந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று யூரோ. பிரான்சில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 11 யூரோவுக்கு மேல். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினால் ஓவியருக்குக் கட்டணம் உண்டு, தெதிகாஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. 2016ல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்ன சுமார் 1,500 பெ-தே படைப்பாளிகளில் 53 சதவீதம் பேரின் வருமானம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. 36 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. 2018ல் பாரிஸ் புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளர்கள் ‘உன் படைப்பாளிக்குக் கூலி கொடு’ என்று கிளம்பியது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

நாங்கள் போனது சாமி தரிசனத்துக்கு. எவ்வளவு நேரம் நிற்கிறோமோ அவ்வளவு புண்ணியம், கடைசியில் பிரசாதம் கிடைத்தே ஆக வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது சம்பளமில்லாத சனிக்கிழமை. அவர் கேட்டதெல்லாம் யாருக்கு வரைகிறோம் என்ற ஒரு பெயர்.

மற்ற மேசைகள்

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன், ஒஹாயோவில் தன் ஊரான சாக்ரின் ஃபால்ஸின் சின்னப் புத்தகக் கடையில் யாருக்கும் தெரியாமல் பிரதிகளில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். வாங்குகிறவருக்கு எதிர்பாராத சந்தோஷம். அவை இணையத்தில் ஏகப்பட்ட விலைக்குப் போகின்றன என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். ஸ்பைடர்மேனை வடிவமைத்த ஸ்டீவ் டிட்கோ பேட்டியே கொடுக்காதவர் என்று பேர் வாங்கியவர். 2007ல் பிபிசி ஆவணப்படத்துக்காக தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜோனதன் ராஸும் எழுத்தாளர் நீல் கெய்மனும் அவரைத் தேடிப் போனபோது, கேமரா முன்னால் வர மறுத்தார். கேமரா இல்லாமல் சந்தித்துப் பேசி, கையில் சில புத்தகங்களும் கொடுத்தனுப்பினார். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜாக் கிர்பியின் கலிபோர்னியா வீட்டுக்குப் போன ரசிகர்களுக்கு அவர் மனைவி ராஸ் சாப்பாடே போட்டிருக்கிறார். மூவரும் மூன்று ரகம். ஆனால் வாங்குகிறவர் வியாபாரி இல்லை என்று நம்பிய வரைக்கும் மூவருமே கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாப் பழியும் ரசிகன் மேல்தான் என்று சொல்ல வரவில்லை. வேறொரு விழாவில் என் மகள் வரிசையில் முன்னேறி மேசைக்குப் போனதும், ஓர் ஓவியர் தலையைக்கூடத் தூக்காமல், “பிள்ளைகள் புத்தகம் அடுத்த மேசையில்” என்றார். அவளுக்கு ஏழு வயது, கையில் அவருடைய புத்தகம்தான். இதற்கு நான் எந்தக் காரணமும் தேடப் போவதில்லை.

நல்லது நடந்ததும் அவளுக்குத்தான். இந்தத் தீவுக்குச் சொந்தமாக ஒரு சித்திரக்கதை மரபு இருக்கிறது. 1986ல் தொடங்கிய ‘லெ க்ரி தியு மர்குயா’ என்ற இதழிலிருந்து பல ஓவியர்கள் வந்தார்கள். மர்குயா என்றால் பல்லி, ஆக இதழின் பெயர் பல்லியின் கூவல். பல்லி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? உள்ளூர் ஓவியர் ஒருவர் எங்கள் பேட்டை நூலகத்துக்கு வந்திருந்தார். வரிசையில் ஆறே பேர். “யாருக்கு?” என்றார். மகள் பெயரைச் சொன்னாள். அதில் ஒரு ழகரம். பிரெஞ்சில் எழுதினால் வாயில் நுழையாது என்று, தமிழிலேயே எழுதிக் காட்டச் சொன்னார். அவள் எழுதினாள்.

அவர் அந்த ‘ழ’வையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழிருந்து மேலாக, நாம் எழுதும் திசைக்கு நேர் எதிராக வரைந்தார். கீழே சுருளும் கொக்கி வாலாயிற்று, வால் கிளையைப் பிடித்தது, மேலே இரண்டு தனித்தனிக் கண் உருண்டன. ‘ஆந்தோர்மி’. மடகாஸ்கரிலிருந்து இங்கே வந்து குடியேறிய பச்சோந்தி. தீவில் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். மகள், “ழ தப்பா எழுதறீங்க” என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு, பேனாவை அவளிடமே கொடுத்து மற்ற எழுத்துகளை அவளை எழுதச் சொன்னார். பக்கத்தில் பாதி அவர் கை, பாதி அவள் கை. கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் போன்போன் பிமான் சாப்பிட்டுக்கொண்டு (நம் பருப்பு வடையின் தூரத்து உறவு) அவரிடம்தான் மச்சான் கதையைச் சொன்னேன். ‘பேர் வேண்டாம்’ வரைக்கும் சொல்வதற்குள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “கடிதம் எழுதச் சொல். பதிப்பக முகவரிக்கு. பையில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும்” என்றார்.

கடிதம்

மச்சான் ஒரு மாதம் முரண்டு பிடித்தான். “தப்பு பண்ணினது அவரு, நான் எதுக்கு எழுதணும்?” கடைசியில் அவன் சொல்ல நான் எழுதினேன். கெஞ்சல் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. மூன்று தமிழ்ப் பிரதிகளின் அட்டைப் புகைப்படம், காரைக்கால் கடையின் பழைய புகைப்படம் ஒன்று, கயிறும் கிளிப்பும் தெரிகிற மாதிரி. கீழே ஒரு வரி: அந்தப் படம் இந்தக் கடைக்காரருக்காகக் கேட்டது. கூடவே அண்ணனின் பெயர், தெளிவாக, எழுத்து எழுத்தாக.

ஐந்து மாதம் சத்தமில்லை. நானே மறந்துவிட்டேன். ஒருநாள் தபாலில் ஒரு கெட்டி அட்டை வந்தது. விளக்கம், வருத்தம் எதுவும் எழுதவில்லை. குதிரையில் போகும் கதாநாயகன், முதுகுப் பக்கம். தூரத்தில் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு, கயிற்றில் தொங்கும் புத்தகங்கள். கீழே பெயர். காரைக்கால் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீடியோவில் வந்தார். எழுபது தாண்டிவிட்டது, சைக்கிள் கடை இப்போது இல்லை. அட்டையைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டி ஆட்டிக் காட்டினார். பிரெஞ்சு ஓவியர் அண்ணன் பெயரில் கடைசி ‘ம்’மை முழுங்கிவிட்டிருந்தார். ஆனால் இப்போது பெயர் முழுசாகத்தான் தெரிந்தது. மச்சான் போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்தான். கடைசி எழுத்து மட்டும் நீல நிறம். பால்பாயிண்ட்.

“அண்ணே, நீங்களா எழுதினீங்க? மூலப் படம்ணே அது! மதிப்பே போச்சு!”

“ஒரு ‘ம்’ விட்டுப்போச்சு, போட்டுக்கிட்டேன். யாருக்குத் தம்பி விக்கப் போறேன்?” என்றார் அண்ணன்.